டோக்கன் நம்பர் ஏழு

"ஏழு! டோக்கன் நம்பர் ஏழு யாருங்க?" என்று குமாஸ்தா குரல் கொடுத்தார். பெஞ்சிலிருந்து எழுந்த ஆளைப் பார்த்ததும் வக்கீலம்மா கையிலிருந்த ஃபைல் கட்டோடு பீரோவுக்குப் பின்னால் பதுங்கினாள்.

எழுந்து நின்றது அவளுடைய அப்பா.

வக்கீலம்மா இன்னும் வக்கீல் ஆகவில்லை. சட்டக் கல்லூரியில் மூன்றாம் வருடம் படிக்கிறாள். கோடை விடுமுறையில் ஒரு மாதப் பயிற்சிக்காக இந்த இலவச சட்ட உதவி மையத்துக்கு வந்திருக்கிறாள். வக்கீலம்மா என்பது வீட்டில் வைத்த பெயர். வைத்தவர், இதோ சட்டையை இழுத்து விட்டுக்கொண்டு மையத்தின் பொறுப்பாளரான மேடத்தின் அறைக்குள் நுழைகிறாரே, அவரேதான்.

அன்று மையத்தின் வழக்குகளை நடத்தும் பேனல் வக்கீலோடு கோர்ட்டுக்குப் போவதாக வீட்டில் சொல்லிவிட்டுத்தான் கிளம்பினாள். வழக்கு தள்ளிப் போனதால் அரை மணியில் திரும்பிவிட்டாள். அது அப்பாவுக்குத் தெரியாது. ஆக, மகள் இல்லாத நேரமாகப் பார்த்து மனுஷன் வந்திருக்கிறார்!

இருபது நிமிடம் கதவு சாத்தியே இருந்தது. வெளியே வந்த அப்பா, தொங்கிய முகத்தோடு படியிறங்கிப் போனார். அவர் தலை மறைந்ததும் வக்கீலம்மா குமாஸ்தாவின் பதிவேட்டை எட்டிப் பார்த்தாள். வாடகை, வேலை, நிலம், குடும்பம் என்று வரிசையாக நான்கு கட்டம். ஏழாம் நம்பருக்கு நேரே 'குடும்பம்' கட்டத்தில் டிக் அடித்திருந்தது.

அவள் நேரே குமாஸ்தாவிடம் போனாள்.

"சார், ஏழாம் நம்பர் என்ன விஷயமா வந்தாரு?"

"எதுக்கும்மா?"

"சும்மாதான். கத்துக்கலாம்னு."

குமாஸ்தா நெற்றியிலிருந்த கண்ணாடியை இறக்கி மூக்கில் மாட்டினார். "மொத நாள் ரகசியக் காப்பு உறுதிமொழி எழுதினியே, ஞாபகம் இருக்கா?"

இல்லாமல் என்ன? மையத்தின் பழைய உறுதிமொழி ரெண்டே வரிதான். அது பலவீனமாக இருக்கிறது என்று சொல்லி, பதினொரு ஷரத்தோடு இரண்டு பக்கத்துக்குத் திருத்தி எழுதியது சாட்சாத் வக்கீலம்மாவேதான். இங்கே வந்தவர் யார், எதற்கு வந்தார் என்று பெற்ற தாய் தகப்பனிடம்கூட மூச்சு விடக் கூடாது என்பது நாலாவது ஷரத்து.

"என்கிட்டயும் கையெழுத்து வாங்கினியேம்மா. ஸ்டாப்ளர் பின் எங்க போச்சுன்னு விசாரிச்சப்போ ஒண்ணு, இதுக்கு ஒண்ணு. நான் வாயத் திறக்க மாட்டேன்."

சரி, நேரடியாகக் கேட்கத்தானே கூடாது? குறுக்கே கேட்கலாமே. அன்று சாயங்காலம் சாப்பாட்டு மேஜையில் ஆரம்பித்தாள்.

"அப்பா, மத்தியானம் எங்க போயிருந்தீங்க?"

தட்டுக்கும் வாய்க்கும் நடுவில் அப்பாவின் கை நின்றது. "பல் டாக்டர்கிட்ட."

"எந்தப் பல்?"

"கடைவாய்ப் பல்லும்மா. வலது பக்கம்."

"வலிக்கிற பக்கத்துலயே மெல்றீங்க?"

அப்பா அவசரமாக வாயிலிருந்ததை இடது கன்னத்துக்கு மாற்றினார்.

"மனுஷன நிம்மதியா நாலு வாய் சாப்பிட விடுடி" என்றாள் அம்மா. "ஃபிரிட்ஜுல காலி பாட்டில யாரு வெச்சதுன்னு போன லீவுல எங்க ரெண்டு பேர்கிட்டயும் நாலு பக்கம் வாக்குமூலம் வாங்கினியே, அது பத்தலையா?"

"அந்தக் கேஸ் இன்னும் முடியலம்மா. தீர்ப்பை ஒத்தி வெச்சிருக்கேன்."

"உன் பயிற்சி அடுத்த வாரத்தோட முடியுதுல்ல?"

"ஆமா. அப்புறம் காலேஜ் திறக்கிற வரைக்கும் ஒன்றரை மாசம் வீட்லதான்."

அம்மா கரண்டியைக் கீழே வைத்தாள். அப்பா தண்ணீர் குடித்தார். வக்கீலம்மா இதையெல்லாம் கவனிக்கிற நிலையில் இல்லை. அப்பா கூசாமல் பொய் சொல்கிறார். அம்மாவுக்கு ஒன்றும் தெரியாது. பதிவேட்டில் குடும்பம் என்று இருக்கிறது. இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்? விவாகரத்துதான்! ஃபேனை மூன்றில் வைப்பதா நாலில் வைப்பதா என்று தினமும் மல்லுக்கு நிற்கிற இந்த இரண்டு பேரும் ஆளுக்கொரு வீட்டில் இருப்பார்கள் என்று நினைத்ததுமே அவள் தட்டைத் தள்ளி வைத்தாள். அவர்களை விட்டால் அவளுக்கு வேறு யார் இருக்கிறார்கள்?

ஆனால் அழுதுகொண்டு மூலையில் உட்கார்ந்தால் அவள் என்ன வக்கீலம்மா? பிரிவதற்கு முன்னால் சமரச முயற்சி நடந்தாக வேண்டும் என்று பக்கம் பக்கமாகப் படித்திருக்கிறாளே. முயற்சியை மறுநாளே தொடங்கினாள்.

மறுநாள் வீட்டு வாசலில் ஒரு கேக் வந்து இறங்கியது. கூடவே ஒரு அட்டை. 'என் அன்பு மனைவிக்கு, என்றும் உன்னுடையவன்' என்று அப்பா பெயரில்.

"என்னங்க இது?" என்றாள் அம்மா.

"எது?"

"கேக்கு. நீங்க அனுப்பினது."

"நான் எங்க அனுப்பினேன்?"

"அப்போ உங்க பேர்ல எனக்கு எவன் அனுப்புறான்?"

அப்பா ஒரு நிமிடம் யோசித்தார். ஒப்புக்கொள்வதுதான் உடம்புக்கு நல்லது என்று பட்டிருக்க வேண்டும். "நான்தான். மறந்துட்டேன்."

"இருபத்தி நாலு வருஷமா என் பிறந்த நாளே ஞாபகம் இல்லாத மனுஷன் இன்னைக்குக் கேக்கு அனுப்புறாரு. அனுப்பினதையும் மறந்துடுறாரு! என்ன தப்பு பண்ணீங்க? உள்ளதச் சொல்லுங்க."

"பல்லு வலிக்குது" என்று அப்பா கன்னத்தைப் பிடித்துக்கொண்டார். இடது கன்னத்தை.

அதற்கப்புறம் அந்த வீட்டில் ஃபேன் சண்டைகூட நடக்கவில்லை. அந்த அமைதிதான் அவளை இன்னும் பயமுறுத்தியது.

இரண்டு நாள் கழித்து நூலகத்துக்குப் போவதாகச் சொல்லிவிட்டுக் கிளம்பிய வக்கீலம்மா, முந்தின நாள் மையத்தில் மறந்துவிட்ட குடையை எடுக்க அங்கே வந்தாள். மாடிப்படியிலிருந்து தலையை நீட்டினால், "பன்னெண்டு! டோக்கன் நம்பர் பன்னெண்டு!" என்று குமாஸ்தா கூப்பிட, கைப்பையை இறுக்கிக்கொண்டு எழுந்து உள்ளே போனது அம்மா. அம்மா கிளம்பிப் போனபிறகு பதிவேட்டைப் பார்த்தாள். அங்கேயும் அதே கட்டத்தில் டிக்.

ஜெராக்ஸ் மிஷின் பக்கத்தில் நின்று வக்கீலம்மா மூக்கை உறிஞ்சினாள். சும்மா இருந்த அம்மாவையும் ஒரு கேக் வாங்கிக் கொடுத்து இங்கே அனுப்பி வைத்தோமே! அழுது முடித்ததும் நிமிர்ந்தாள். இனி ஒரே வழிதான். நேருக்கு நேர்.

யாரையும் கேட்காமல் மையத்தின் பெயர் போட்ட தாளில் இரண்டு கடிதம் டைப் அடித்தாள். 'தங்கள் குடும்ப விவகாரம் தொடர்பாக வெள்ளிக்கிழமை காலை பதினோரு மணிக்கு நேரில் வரவும். இதை வீட்டில் யாரிடமும் காட்ட வேண்டாம்.' ஒன்று அப்பாவின் ஆபீசுக்கு, ஒன்று வீட்டுக்கு. வெள்ளிக்கிழமை மேடம் கோர்ட்டுக்குப் போகிற நாள். விஷயம் வெளியே வந்தால் பயிற்சிச் சான்றிதழ் அவ்வளவுதான் என்று அவளுக்குத் தெரியும். போனால் போகட்டும்.

வெள்ளிக்கிழமை பத்தே முக்காலுக்கு அப்பா வந்து பெஞ்சின் ஒரு ஓரத்தில் உட்கார்ந்தார். பதினோரு மணிக்கு அம்மா படியேறி வந்தாள்.

"நீ எங்க இங்க?"

"நீங்க எங்க இங்க? இதுதான் உங்க பல் டாக்டரா?"

பீரோவுக்குப் பின்னாலிருந்து வக்கீலம்மா ஃபைலோடு வெளிப்பட்டாள். "ரெண்டு பேரும் உக்காருங்க. தனித்தனியா இங்க வந்துட்டுப் போனது எனக்குத் தெரியும்."

இருவர் முகமும் வெளிறிப் போயிற்று. "தெரிஞ்சு போச்சா?" என்றார்கள் ஒரே குரலில்.

"தெரியும். பிரியறதுக்கு முன்னாடி ஒரு தடவை என்னைப் பத்தியும் யோசிச்சீங்களா?"

"பிரியறதா!" அம்மா பெஞ்சைப் பிடித்துக்கொண்டாள். "அடப்பாவி மனுஷா, அதுக்குத்தான் கேக்கா?"

"நானா? வக்கீல் வீட்டு வாசப்படி ஏறினது நீதானே!" அப்பாவின் குரல் உடைந்தது. "உனக்கு என்னடி குறை வெச்சேன்?"

"உங்கள விட்டுட்டு நான் எங்க போவேன்? நீங்க இல்லாட்டி நான் யார்கூட சண்டை போடுவேன்?" அம்மா ஓவென்று அழுதாள். அப்பா எழுந்து போய் அவள் பக்கத்தில் ஒட்டி உட்கார்ந்தார். அவருக்கும் கண் கலங்கியிருந்தது.

வக்கீலம்மாவுக்கும் அழுகை முட்டிக்கொண்டு வந்தது. "பிரியற எண்ணமே இல்லன்னா ரெண்டு பேரும் எதுக்கு இங்க வந்தீங்க?"

இருவரும் குமாஸ்தாவைப் பார்த்தார்கள்.

"சார், நீங்களாவது சொல்லுங்க!"

"பதினோரு ஷரத்து இருக்கேம்மா."

"சம்பந்தப்பட்டவங்க சம்மதிச்சா சொல்லலாம். ஆறாவது ஷரத்து!"

குமாஸ்தா அம்மாவையும் அப்பாவையும் பார்த்தார். அப்பா தரையைப் பார்த்தபடி தலையாட்டினார். அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு தலையாட்டினாள். குமாஸ்தா கண்ணாடியை இறக்கி மாட்டிக்கொண்டு டிராயரைத் திறந்து இரண்டு மனுக்களை எடுத்தார்.

"ரெண்டு பேருக்கும் ஒரே கோரிக்கைதாம்மா. வீட்ல உன் விசாரணை தாங்கலையாம், காலேஜ் திறக்கிற வரைக்கும் உன்னை இங்கயே வெச்சுக்கணுமாம். இங்கயும் அதே கதைதான்னு சொல்லி மேடம் ரெண்டு பேருக்கும் முடியாதுன்னுட்டாங்க."