பைலட்டு அண்ணனும் நான் கட்டிய எலுமிச்சம்பழமும்

ஏர்போர்ட்டே இல்லாத எங்கள் கம்பம் பள்ளத்தாக்கில், உலகத்திலேயே கண்டிப்பான விமானி ஒருவர் இருக்கிறார். ஊரே அவரைப் பைலட்டு என்றுதான் கூப்பிடும். சொந்தப் பேரைக் கேட்டால் அவர் வீட்டிலேயே கொஞ்ச நேரம் யோசிப்பார்கள்.

பிள்ளைகளே, அவர் ஓட்டுவது வயலுக்கு மருந்தடிக்கிற ட்ரோன். ஆறு விசிறி, நடுவில் மருந்து டேங்க், அவ்வளவுதான். ஆனால் இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை, தோளில் பட்டை, கருப்புக் கண்ணாடி இல்லாமல் வரமாட்டார். புறப்படும் முன் வரப்பில் நின்று அறிவிப்பு வேறு.

"பயணிகளின் கனிவான கவனத்திற்கு! கொக்குக எல்லாம் ஒதுங்கிருங்க. தவளைக உள்ள போயிருங்க."

ஒருமுறை திராட்சைத் தோட்டத்துக்காரர் ஒருவர் சிரித்துவிட்டார். "சிரிப்பு அடங்குற வரைக்கும் ப்ளைட்டு லேட்டு" என்று ரிமோட்டைக் கீழே வைத்து அரைமணி நேரம் உட்கார்ந்துவிட்டார் பைலட்டு.

அவருக்கு ஒரே ஒரு பெருமை. ட்ரோன் பெட்டியில் பெயிண்டால் எழுதியிருப்பார்: 'இதுவரை விபத்து இல்லை.'

போன வருஷம் என் நெல்லில் புகையான் பூச்சி இறங்கியது. தூரில் உட்கார்ந்து சாறை உறிஞ்சும். ரெண்டு மூணு நாள் விட்டால் வயல் தீ வைத்த மாதிரி கருகிவிடும். முதுகில் டேங்க் மாட்டி நானே அடிக்கலாம் என்றால், முந்தின தடவை மருந்து நெடியில் வரப்பிலேயே மயங்கி விழுந்தவன் நான்.

"இன்னொரு தடவை அதை முதுகுல தூக்குனீகன்னா, நான் எங்க அம்மா வீட்டுக்குப் போயிருவேன்" என்றாள் என் மனைவி. நான் மயங்கி விழுந்ததையும் சொல்லிப் பைலட்டுக்குப் போன் போட்டேன்.

புத்தம்புது ட்ரோனோடு வந்தார். எனக்கு மனசு கேட்கவில்லை. புது வண்டி, திருஷ்டிக்கு ஒன்றும் கட்டவில்லையே! அவர் கண்ணை மூடி வீரபாண்டி ஆத்தாளைக் கும்பிட்ட நேரம் பார்த்து, வீட்டுக்கு ஓடிப்போய்க் கோத்துக் கொண்டுவந்த எலுமிச்சை மிளகாய்ச் சரத்தை ட்ரோனின் காலில் மாட்டிவிட்டேன். லாரிக்குத் தொங்கவிடுகிற நீளம்.

ட்ரோன் கிளம்பியது. வெயிலும் கருப்புக் கண்ணாடியுமாக, அவருக்குச் சரம் தெரியவில்லை. பாதி வயலில் திரும்பும்போது அது ஊஞ்சலாடி மேலே போய் விசிறியில் சுற்றிக்கொண்டது. மிளகாய் திசைக்கொன்றாய்ப் பறந்தது. ட்ரோன் தட்டாமாலை சுற்றிச் சேற்றுக்குள் தலைகுப்புற விழுந்தது.

பக்கத்து வயல் மாயாண்டி கத்தினான்: "ஏலே, இங்கன வாங்கடா! பைலட்டு ப்ளேனு நாத்து நடுது!"

பத்துப் பேர் கூடிவிட்டார்கள். பைலட்டு வெள்ளைச் சட்டையோடு சேற்றில் இறங்கி ட்ரோனைத் தூக்கினார். விசிறியில் சுற்றிய நூலைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். நான் குனிந்து வேட்டியில் ஒட்டிய சேற்றைத் தட்டினேன்.

"எப்படிண்ணே விழுந்துச்சு?" என்றான் மாயாண்டி.

நூலைச் சுருட்டிப் பையில் போட்டுக்கொண்டார். "காத்தைக் கணிக்காம விட்டுட்டேன். என் தப்புதாம்ப்பா."

கூட்டம் கலைந்ததும் பின்னாலேயே ஓடினேன். "அண்ணே, நான்தான்..."

"தெரியும் தம்பி. அவசரப்பட்டு நீ டேங்க்கை முதுகுல மாட்டிராத. விடியக்காலம் வந்துருவேன்."

சொன்னபடி வந்தார். மாற்று விசிறி, கழுவித் துடைத்த மோட்டார். பெட்டியில் இருந்த எழுத்தையும் அவர் கையாலேயே 'ஒரு விபத்து' என்று திருத்தியிருந்தார். சிரிக்கத் தயாராக வந்தவர்கள் வரப்பில் வரிசையாக நிற்க, வயல் முழுக்க மருந்தடித்துவிட்டு ட்ரோன் பூனைக்குட்டி மாதிரி அவர் காலடியில் வந்து உட்கார்ந்தது. நாலு நாளில் பூச்சி அடங்கியது. நெல் பிழைத்து, கதிர் தலை சாய்ந்தது.

பிறகு மாயாண்டியிடம் உண்மையைச் சொன்னேன். நம்பவில்லை. "அண்ணன் மானத்தைக் காப்பாத்த நீயும் நல்லாத்தான் பொய் சொல்ற" என்கிறான்.

அதனால்தான் பிள்ளைகளே, உங்களுக்கு எழுதிவிட்டேன். இப்போதெல்லாம் அவர் என் வயலுக்கு வருகிற நாளில், நான் தலைக்குக் குளித்து, கல்யாண வீட்டுக்குப் போகிற வேட்டியைக் கட்டிக்கொண்டு வரப்பில் நிற்கிறேன்.