தலையாட்டிய படமும் ஆப்சென்ட் ஆன தேவாங்கும்

ஒரு காட்டில் ஒரு பல்கலைக்கழகம் இருந்தது. காட்டுக்கு எதற்கு அது என்று கேட்காதீர்கள். பக்கத்துக் காட்டில் ஒன்று திறந்துவிட்டார்கள், அவ்வளவுதான் காரணம்.

அங்கே புரோகிராமிங் நடத்தியவர் மரங்கொத்தி சார். கீபோர்டை மூக்கால்தான் தட்டுவார். அவர் தட்டுகிற வேகத்தில் அடிக்கடி கீபோர்டில் ஓட்டை விழும். மழைக்காலம் வந்து ஆற்றில் வெள்ளம் புரண்டதும், இக்கரையில் இருப்பவர்கள் ஆலமரத்தடி வகுப்புக்கு நேரில் வரலாம், அக்கரையில் இருப்பவர்கள் போனிலேயே படிக்கலாம் என்று அறிவித்தார்கள். எல்லோருக்கும் சந்தோஷம். குரங்குகளுக்குத் தலைகால் புரியவில்லை. கேமரா முன்னால் தங்கள் போட்டோவை ஒட்டி வைத்துவிட்டுப் பலாப்பழம் தின்னப் போய்விட்டன.

நிர்வாகம் சும்மா இருக்குமா? அட்டெண்டன்ஸ் எடுக்க ஒரு மிஷின் வாங்கிப் போட்டது. திரையில் தெரியும் முகம் அசைந்தால் பிரசென்ட். அசையாவிட்டால் அது போட்டோ, ஆகவே ஆப்சென்ட். அட்டெண்டன்ஸ் குறைந்தால் ஹால் டிக்கெட் கிடையாது. ஹால் டிக்கெட் இல்லையென்றால் பரீட்சை கிடையாது, வருஷமே போச்சு.

இங்கேதான் நம்ம தேவாங்கு வருகிறது.

அக்கரை மலைமேல் ஒரு புளியமரத்தில் அது குடியிருந்தது. நடை ரொம்ப மெதுவு. காலை வகுப்புக்குப் புறப்பட்டால், வகுப்பைப் பெருக்கிச் சுத்தம் பண்ணும் நேரத்துக்கு வந்து சேரும். அதனால் ஆன்லைன் கேட்டு வாங்கியிருந்தது. புரோகிராமிங் என்றால் அதற்கு உயிர். மரங்கொத்தி சார் வாயைத் திறந்ததும் கண்ணை அகல விரித்துக்கொண்டு உட்காரும். இமைக்காது. காதைக்கூடச் சொறியாது. இப்படி ஒரு பிள்ளை கிடைக்க வாத்தியார் கொடுத்து வைத்திருக்க வேண்டும். மிஷினுக்கு அதெல்லாம் தெரியுமா?

பாதி செமஸ்டரில் போர்டில் ஒட்டினார்கள். தேவாங்கு, பூஜ்யம்.

தேவாங்கின் புளியமரத்தடியில் கட்டிக் கிடந்தபடி ஆன்லைனில் படித்த பூம்பூம் மாட்டுக்கு நூற்றுக்கு நூறு. அந்த மாட்டுக்குப் பாடத்தில் ஒரு வரி புரியாது. ஆனால் தெருத்தெருவாகத் தலையாட்டிப் பழகிய கழுத்து, பாருங்கள். சார் "புரிஞ்சுதா?" என்றாலும் ஆடும், தும்மினாலும் ஆடும்.

தேவாங்கு உடனே கிளம்பியது. பரிசல் பிடித்து ஆற்றைக் கடந்து ஆபீசுக்கு வந்தது. ஜன்னலுக்கு உள்ளே உடும்பு சார் உட்கார்ந்திருந்தார். ஒரு விதியைப் பிடித்தாரென்றால் அவராக விட்டால்தான் உண்டு.

"சார், நான் ஒரு கிளாஸ்கூட விட்டதில்லை. வேணும்னா பாடத்துல கேள்வி கேட்டுப் பாருங்க."

"கேள்வி கேக்கறது என் செக்‌ஷன் இல்லம்மா. ஏன் இப்படி முழிக்கிறே?"

"என் மூஞ்சியே இப்படித்தான் சார். சரி, இன்னிக்கு நேர்லயே வந்துட்டேன், இன்னிக்காவது போடுங்களேன்."

"நீ ஆன்லைன் ஸ்டூடண்ட். நேர்ல வந்தா எப்படி பிரசென்ட் போடறது? உனக்கு அங்க சீட்டே கிடையாது."

"அப்ப நான் என்ன பண்ணட்டும்?"

"அந்தக் கிளாஸ்லயே ஓரமா உக்காந்து, போன்ல லாகின் பண்ணு."

சிரிக்காதீர்கள், நடந்ததைத்தான் சொல்கிறேன். மரங்கொத்தி சாருக்கு எதிரே, கைக்கெட்டும் தூரத்தில் உட்கார்ந்து தேவாங்கு போனைத் திறந்தது. இரண்டு பக்கச் சத்தமும் மோதிக்கொண்டு போன் ஊளையிட்டது. சார் திரையைப் பார்த்துக் கத்தினார்: "யாருப்பா அது, மைக்கை ஆஃப் பண்ணுங்க! ஆன்லைன் பிள்ளைங்களாலே பெரிய ரோதனையாப் போச்சு!"

"சார், நான் இங்கேதான் இருக்கேன்," என்றது தேவாங்கு.

"எங்கே? திரையில அசைவையே காணோமே," என்றார் சார். அன்றைக்கும் ஆப்சென்ட்.

அழுதுகொண்டே ஊர் திரும்பிய தேவாங்கை மாடு தேற்றியது. "இதுக்குப் போயா அழுவுற தங்கச்சி? தலையை ஆட்டு. வேற ஒண்ணும் வேணாம்."

மறுநாள் தேவாங்கு வகுப்பு முழுக்க ஆட்டியது. பிரசென்ட் விழுந்தது. கழுத்தும் பிடித்துக்கொண்டது. ஆனால் சார் என்ன நடத்தினார் என்று ஒரு எழுத்துக்கூட மண்டையில் ஏறவில்லை.

"அண்ணே, ஆட்டினா பாடம் போயிடுது. பாடம் கேட்டா பிரசென்ட் போயிடுது."

மாடு தலையாட்டியது.

தேவாங்குக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. பாடம் கேட்கத்தானே சேர்ந்தோம், தலையாட்டவா சேர்ந்தோம்? அப்போதுதான் அதற்கு லூப் ஞாபகம் வந்தது. ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்ய வைக்கிற வித்தை அது. தன் போட்டோ ஒன்றை எடுத்தது. மேலே, கீழே, மேலே, கீழே என்று லூப்பில் போட்டது. கேமராவுக்குப் பதில் அதை ஓடவிட்டது. படம் ஜோராகத் தலையாட்டியது. பக்கத்திலேயே உட்கார்ந்து தேவாங்கு நிம்மதியாகப் பாடம் கேட்டது. அட்டெண்டன்ஸ் மளமளவென்று ஏறியது. செமஸ்டர் முடியும்போது ஹால் டிக்கெட்டுக்குத் தேவையானது கையில் இருந்தது.

கள்ளத்தனம் பண்ணினால் மாட்டிக்கொள்ளும், அதுதான் கதை என்று நினைக்கிறீர்கள், இல்லையா? பொறுங்கள்.

பரீட்சைக்கு நேரிலும் வரலாம், ஆன்லைனிலும் உட்காரலாம் என்றார்கள். மழையில் சிக்னலை நம்ப முடியாதென்று தேவாங்கு நேரிலேயே கிளம்பியது. கிளம்புகிற பதற்றத்தில் போனை மரத்திலேயே விட்டுவிட்டது. அதில் படம் பாட்டுக்குத் தலையாட்டிக்கொண்டிருந்தது.

வாசலில் உடும்பு சார் அதே மிஷினைத் தேவாங்கின் முகத்துக்கு நேரே நீட்டினார். பரீட்சை பயத்தில் அது அசையாமல் நின்றது.

"இது போட்டோன்னு சொல்லுதேம்மா."

"சார், நான்தான் சார்!"

"அந்தப் பொண்ணு ஏற்கெனவே ஆன்லைன்ல உக்காந்திருக்கு. ஹால் டிக்கெட்டும் கொடுத்தாச்சு. வேணுமான்னு கேட்டேன், அடக்கமாத் தலையை ஆட்டிச்சு."

"அய்யோ, அது நான் போட்ட புரோகிராம் சார்!"

உடும்பு சார் பேனாவை எடுத்தார். "அது புரோகிராம்னா நீ அட்டெண்டன்ஸ்ல ஃபிராடு. அது நிஜம்னா நீ ஆள்மாறாட்டம். எதுன்னு எழுதட்டும்?"

"மரங்கொத்தி சாரையே கேளுங்க சார்," என்றது தேவாங்கு. மரங்கொத்தி சாரைக் கூப்பிட்டுக் கேட்டார்கள். அவர் எட்டிப் பார்த்துவிட்டு, "இது யாருன்னே தெரியலையே. என் ஸ்டூடண்ட் உள்ளே திரையில இருக்கு. நான் சொல்ற ஜோக்குக்கெல்லாம் தலையாட்டுமே, தங்கமான பிள்ளை," என்றார்.

பரீட்சை வாய்மொழியாக நடந்தது. வெளியே நின்று தேவாங்கு கேட்டுக்கொண்டிருந்தது. "லூப் தெரியுமா?" படம் ஆட்டியது. "ஃபங்‌ஷன் தெரியுமா?" ஆட்டியது. "நான் நடத்தினது நல்லாப் புரிஞ்சுதா?" அதற்கும் ஆட்டியது. சாருக்குக் கண் கலங்கிவிட்டது. முதல் வகுப்பு, தங்க மெடல்.

அதோடு விட்டார்களா? லீவு கேட்காது, எதிர்த்துப் பேசாது, இப்படி ஒரு ஆள் எங்கே கிடைக்கும் என்று அடுத்த வருஷம் அந்தப் படத்தையே புரோகிராமிங் பேராசிரியராகப் போட்டுவிட்டார்கள். மரங்கொத்தி சார் மூக்கு வலியென்று ஓய்வெடுக்கப் போனார்.

தேவாங்கு அதே பாடத்தில் முதலிலிருந்து சேர வேண்டியதாயிற்று. இந்தத் தடவை ஆன்லைன் வேண்டாமென்று ஆலமரத்திலேயே ஒரு கிளையைப் பிடித்துக் குடிவந்து, நேரடி வகுப்பில் பெயர் கொடுத்தது. முதல் நாள். எதிரே பெரிய திரையில் தன் மூஞ்சியே தலையாட்டிக்கொண்டிருந்தது. அதைப் பார்க்கப் பார்க்கத் தேவாங்குக்கு எரிச்சலும் அழுகையுமாக வந்தது. என் உழைப்பு, என் மூஞ்சி, மெடல் மட்டும் அதுக்கா?

அந்த நேரம் உடும்பு சார் மிஷினோடு உள்ளே வந்தார். தேவாங்கைப் பார்த்தார். "இது அசையலையே. புரொபசர், இதுக்கு பிரசென்ட் போடலாமா?"

பேராசிரியர் தலையாட்டினார்.

புரொபசர் சம்மதித்தால் பிரசென்ட் என்பதும் விதி. உடும்பு சார் போட்டுவிட்டார். தேவாங்குக்குச் சுரீரென்று உறைத்தது. மெல்ல எழுந்து நின்றது.

"சார், போன வருஷத்து ஆப்சென்டையும் பிரசென்டா மாத்திடலாமா?"

பேராசிரியர் தலையாட்டினார். உடும்பு சார் எழுதிக்கொண்டார்.

"அந்த முதல் வகுப்பும் மெடலும் எனக்குச் சேர வேண்டியதுதானே சார்?"

தலையாட்டினார்.

"அப்ப நான் வீட்டுக்குப் போகலாமா சார்?"

அதற்கும் ஆட்டினார். தேவாங்கு திரையில் மாட்டியிருந்த மெடலை எடுத்துக் கழுத்தில் போட்டுக்கொண்டு, பேராசிரியருக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு, மெதுவாக வெளியே நடந்தது.

நீதி: பாடத்தை நீ படி, தலையாட்ட வேறு ஆள் போடு. போட்ட ஆளிடம் மரியாதையாக நடந்துகொள், நாளைக்கு உனக்குக் கையெழுத்துப் போடப் போகிறவர் அவர்தான்.