காபிக்காக வந்த தலைவலி

காபி விஷயத்தில் நான் கொள்கைக்காரன். எத்தியோப்பியாவில், காபி விளையும் ஜிம்மாவில் பிறந்தவன் வேறு எப்படி இருப்பான்? ஒரே பொடியை ஜெபனா என்கிற மண் கூஜாவில் போட்டு மூன்று முறை கொதிக்க வைத்து, மூன்று சுற்று ஊற்றுவார்கள். எனக்கு முதல் சுற்றுதான் காபி. அதுவும் சர்க்கரை கூடாது, ஒரு சிட்டிகை உப்பு. இரண்டாவது, காபிக்குத் தூரத்துச் சொந்தம். மூன்றாவது, பாத்திரம் கழுவிய தண்ணீர்.

என் வீட்டில் எனக்கு வாய்ப்பது அந்தத் தண்ணீர்தான். என் மனைவி பிஸுனேஷ் கொட்டையை வறுத்தால் போதும், பக்கத்து வீட்டு எத்தகெஞ் அக்கா வந்துவிடுவாள். அவள் பின்னால் தெருவே வரும். விருந்தாளிக்குத்தான் முதல் கப். புருஷன் எங்கே ஓடிவிடப் போகிறான்?

இதற்கொரு முடிவு கட்டுவதென்று சனிக்கிழமை காலையில் தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு படுத்தேன்.

"பிஸுனேஷ், வறுக்கிற புகை எனக்கு ஆகல. தலை பிளக்குது."

"அடடா. அப்ப காபி?"

"அரைச்ச பொடி கடையில விக்குதே. சத்தமில்லாம நம்ம ரெண்டு பேருக்கு மட்டும் போட்டா போதும்."

என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"ரொம்ப வலிக்குதா?"

"உயிர் போகுது."

"சரி, அசையாம படுங்க."

வெளியே போனாள். பொடி வாங்கத்தான் போகிறாள் என்று போர்வைக்குள் சிரித்துக்கொண்டேன்.

அவள் போனது எத்தகெஞ் அக்காவிடம். அயலேவுக்கு உயிர் போகிறதாம் என்று என்னைப் பற்றிச் சொல்லிவிட்டு வந்திருக்கிறாள். நோயாளியைப் பார்க்க வராதவனை எங்கள் ஊர் மதிக்காது. பார்க்க வந்தவருக்குக் காபி கொடுக்காத வீட்டையும் மதிக்காது. கால் மணி நேரத்தில் கூடம் நிறைந்துவிட்டது. முற்றத்தில் கொட்டை பொரிந்தது. புகை என் பக்கம் வராமல் பிஸுனேஷ் அக்கறையாக விசிறினாள். வாசனை மட்டும் நேராக என்னிடம் வந்தது.

"முகமே வெளுத்துப் போச்சேப்பா," என்றாள் அக்கா, முதல் கப்பை உறிஞ்சியபடி.

"அக்கா, எனக்கும் ஒரு வாய்..."

"புகையே ஆகாதவனுக்குக் காபியா? பிஸுனேஷ், கஞ்சி கொடும்மா."

பார்லிக் கஞ்சி வந்தது. இரண்டாவது சுற்றும் என் தலைக்கு மேலேயே கைமாறிப் போயிற்று. எனக்கு அழுகையே வந்துவிட்டது. துண்டை அவிழ்த்து எறிந்தேன்.

"வலி போயிடுச்சு. நல்லா இருக்கேன். கொடுங்க."

"பாத்தீங்களா, நாம வந்த நேரம்," என்று அக்கா கடவுளுக்கு நன்றி சொன்னாள். எல்லாரும் சந்தோஷமாகக் கப்பை மறுபடி நீட்டினார்கள். கடைசியாக, மூன்றாவது சுற்றில், எனக்கும் ஒன்று வந்தது. கப்பின் அடி பளிச்சென்று தெரிந்தது.

அதைக் கொடுக்கும்போது பிஸுனேஷ் என் காதோரம் குனிந்தாள்.

"அடுத்த தடவை என்ன வியாதின்னு முன்னாடியே சொல்லிடுங்க. கொட்டை அரைக்கிலோ கூட வாங்கி வைக்கணும்."