எங்கள் கடையில் தொங்கிய குடை

வெயிலுக்கும் ஆகாமல் மழைக்கும் ஆகாமல் ஒரு குடை உலகத்தில் இருந்தது என்றால் அது எங்கள் குடை அண்ணாச்சியின் குடைதான். ஆட்களைப் பயமுறுத்துவதற்கென்றே செய்த குடை அது. போலீஸ் லத்திக்குப் பயப்படாதவன், பெண்டாட்டி கோபத்துக்குப் பயப்படாதவன் (அப்படி ஒருவன் இருப்பதாகவே வைத்துக்கொள்வோம்), அவன்கூட அந்தக் கறுப்புக் குடையைக் கண்டால் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பின்வாசல் வழியாகப் போய்விடுவான். நான் சொல்வது எண்பதுகளின் கடைசி. ராஜபாளையம் கடைத்தெருவில் ஒரு சின்னத் தையல் கடை வைத்திருந்தேன்.

அண்ணாச்சியின் சொந்தப் பெயர் எனக்குத் தெரியாது. கேட்கிற தைரியம் எனக்கு மட்டுமல்ல, தெருவில் யாருக்குமே கிடையாது. வீடு ஸ்ரீவில்லிபுத்தூரில். காலையில் டவுன் பஸ்ஸில் வந்து இறங்குவார். சின்ன வியாபாரிகளுக்குக் கடன் கொடுப்பதுதான் தொழில். வட்டி வங்கியைவிடக் கொஞ்சம் கூடுதல், நாளுக்கு நாள் வட்டியை ஏற்றுகிற மீட்டர் வட்டிக்காரர்களைவிட ரொம்பக் குறைவு. இட்லிக் கடை, சைக்கிள் கடை, ரேடியோ ரிப்பேர் கடை என்று எங்கள் தெருவில் பாதிக் கடைகள் அவர் பணத்தில் முளைத்தவை. அதனால் டீக்கடைக்காரர் தினமும் ஒரு சேவை செய்வார். "ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ்ஸு வந்தாச்சுய்யோவ்" என்று குரல் கொடுப்பார். தெருவே எழுந்து சட்டையைச் சரிசெய்துகொள்ளும்.

தவணை தப்பினால் அண்ணாச்சி திட்ட மாட்டார். ஆள் அனுப்ப மாட்டார். கடை வாசலில் ஓர் ஆணியைப் பார்த்துக் குடையை மாட்டிவிட்டு, ஒரு வார்த்தை பேசாமல் போய்விடுவார். அவ்வளவுதான். அந்தக் குடையைக் கடைக்காரன் தொடக் கூடாது. பாக்கியைக் கட்டின பிறகு அவரே வந்து எடுப்பார். அதுவரைக்கும் அது அங்கேயே தொங்கிக்கொண்டு, போகிறவர் வருகிறவர்களுக்கெல்லாம் நம் யோக்கியதையைச் சொல்லிக்கொண்டிருக்கும்.

இட்லிக் கடை மாடசாமி அண்ணன் ஒருமுறை சமாளித்துப் பார்த்தார். சாப்பிட வந்தவரிடம், "மழ வரும்னு நாந்தான் புதுசா வாங்கி மாட்டுனேன்" என்றார்.

வந்தவர் குடையைக் கிட்டே போய்ப் பார்த்தார். "பிடியில செவப்பு நூலு சுத்தியிருக்கு. இது அண்ணாச்சி கொடைல்லா" என்று சொல்லிவிட்டு, ரெண்டு இட்லியைக் குறைத்துக்கொண்டு கிளம்பினார். பாக்கி கேட்க வந்த பால்காரரும் குடையைப் பார்த்துவிட்டு, "அண்ணாச்சி கணக்கு முடியட்டும், பொறவு வாரேன்" என்று சைக்கிளைத் திருப்பிவிட்டார்.

அதோடு போயிருந்தால் பரவாயில்லை. அன்றைக்கு மாடசாமி அண்ணனின் புது மருமகன் ஆலங்குளத்திலிருந்து வந்திருந்தார். சிமெண்ட் ஆலையில் வேலை, ஊர் வழக்கம் ஒன்றும் தெரியாது. தூறல் விழுந்தது. மாமனார் உள்ளே மாவு அள்ளிக்கொண்டிருக்க, மருமகன் அந்தக் குடையை எடுத்து விரித்துக்கொண்டு வெற்றிலை வாங்கக் கிளம்பிவிட்டார். குடைக்குள் இருப்பது யாரென்று பார்க்கவா ஆட்களுக்கு நேரம்? அவர் நடக்க நடக்கத் தெருவில் இரண்டு பக்கமும் ஷட்டர்கள் இறங்கின. ரேடியோ ரிப்பேர்காரர் உள்ளே வாடிக்கையாளரோடு சேர்த்துப் பூட்டிக்கொண்டார். மருமகன் வெற்றிலை கிடைக்காமல் திரும்பி வந்து, "மாமா, யாரோ பெரிய தலைவர் எறந்துட்டாரு போல. ஊரே கடையடச்சுக் கெடக்கு" என்றார்.

மாடசாமி அண்ணன் அன்று சாயங்காலமே மனைவியின் கம்மலை அடகு வைத்துப் பாக்கியைக் கட்டினார்.

இப்படிப்பட்டவரிடம் நானே போய்க் கடன் கேட்டேன் என்றால் என் நிலைமையை நீங்கள் யோசித்துக்கொள்ள வேண்டும். அப்போதுதான் நைட்டி என்று ஒன்று எங்கள் பக்கம் தலைகாட்டியிருந்தது. நாலு பவர் மெஷின் இருந்தால் நானும் என் மனைவி செல்வியுமாக இரண்டு பெண்களை வைத்துத் தைத்துத் தள்ளிவிடலாம் என்று கணக்குப் போட்டோம். முதலில் ஒரு வங்கிக்குப் போனேன். ஜாமீனுக்கு இரண்டு அரசாங்க உத்தியோகஸ்தர்கள் வேண்டும் என்றார்கள். எனக்குத் தெரிந்த ஒரே அரசாங்க உத்தியோகஸ்தர் எங்கள் தெருத் தபால்காரர். நான் வாயைத் திறப்பதற்குள் அவர், "ஏம்ப்பா, ஒரு இருநூறு கைமாத்து கெடைக்குமா?" என்றார். நேராக பஸ் ஸ்டாண்டுக்குப் போய் அண்ணாச்சி முன்னால் நின்றேன்.

"நாளைக்கு வாரேன்" என்றார்.

வந்தார். முழங்கால்களுக்கு நடுவில் குடையை நட்டுக்கொண்டு காலையிலிருந்து பொழுது சாய்கிற வரைக்கும் என் கடை ஸ்டூலில் உட்கார்ந்தார். அதுதான் அவர் பார்க்கிற பத்திரம். யார் வருகிறார்கள், நான் எப்படிப் பேசுகிறேன், துணி வெட்டும்போது எவ்வளவு வீணாகிறது, எல்லாம் பார்ப்பார். அன்றைக்கு நான் வெட்டிய ஒரு ஜாக்கெட்டுக்கு மூன்று கை. செல்விதான் நல்லவேளையாகப் பார்த்து ஒன்றை ஒளித்து வைத்தாள். சாயங்காலம்தான் அண்ணாச்சி வாயைத் திறந்தார்.

"இது என்னது?"

"நைட்டி அண்ணாச்சி."

"யாரு உடுத்துவா?"

"பொம்பளைக அண்ணாச்சி."

"சேலைக்கு உள்ளயா, மேலயா?"

"சேலையே கெடையாது. இது மட்டுந்தான்."

அண்ணாச்சி குடை நுனியால் நைட்டியைத் தூக்கிப் பார்த்தார். "இதோட தெருவுக்கு வருவாகளா?"

செல்விதான் உள்ளேயிருந்து, "மேல ஒரு துண்டப் போட்டுக்கிட்டா வரலாம் அண்ணாச்சி" என்றாள். அவர் ஒரு நைட்டியைப் பேப்பரில் சுற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு பஸ் ஏறிவிட்டார்.

அதற்குப் பிறகு ஒரு வாரம் ஆளைக் காணோம். பெரிய மனுஷர் வீட்டில் நைட்டியால் குடும்பச் சண்டை வந்துவிட்டது என்றே நான் முடிவு கட்டினேன். ஒருநாள் வந்தார். நைட்டியை மேசையில் போட்டார்.

"வீட்டுல உடுத்திப் பாத்தா. எல்லாம் நல்லாத்தான் இருக்காம். சாவி வைக்க எடம் இல்ல. சேலைன்னா இடுப்புல சொருகிக்கிடலாம், இதுல எங்கலே சொருகுவா? பை வச்சுத் தையி. பணம் தாரேன்."

பை வைத்தோம். அந்தப் பைக்காகவே செட்டியார்பட்டியிலிருந்தெல்லாம் பெண்கள் தேடி வந்தார்கள். சாவி, சில்லறை, வெற்றிலை, எல்லாம் அதற்குள் போனது. நாலு மெஷின் ஆறானது. ஒரு தவணைகூட நான் தப்பவில்லை. ஒழுக்கம் என்று நினைத்துவிடாதீர்கள். பயம்தான். தவணைக்கு முதல் நாளே வயிற்றுப்போக்கு வந்துவிடும்.

நன்றாகப் போய்க்கொண்டிருந்தால் நமக்குப் பொறுக்காதே. செல்வியின் தம்பி முருகேசன் ஸ்ரீவில்லிபுத்தூரில் வீடியோ கேசட் வாடகைக் கடை வைத்தான். அண்ணாச்சியிடம் கேட்டால் நாள் முழுக்க உட்காருவார் என்று பயந்து, மீட்டர் வட்டிக்காரர் ஒருவரிடம் வாங்கினான். ஜீப் முதலாளி என்றால்தான் அவரைத் தெரியும். அவர் ஜீப் ஒரு வாசலில் நின்றால் அந்த வீட்டில் பாத்திரம்கூட மிஞ்சாது. மச்சானாயிற்றே என்று நான் ஜாமீன் கையெழுத்துப் போட்டேன். ஆறே மாதத்தில் கடைக்குப் பூட்டு. முருகேசன் திருப்பூருக்கு ஓடிவிட்டான் என்று கேள்வி. அடுத்த வாரம் ஒரு ஆள் சைக்கிளில் வந்து என்னிடம் சொன்னான்.

"வெள்ளிக்கெழம ஜீப்பு வரும். மெஷினத் தொடச்சு வையி."

ஆறு மெஷினும் போனால் எங்களிடம் வேறு ஒன்றுமில்லை. வீடு வாடகை வீடு. செல்வியின் கழுத்தில் மஞ்சள் கயிறு மட்டும்தான் இருந்தது, தாலியையும் நைட்டித் துணிக்காக அடகு வைத்திருந்தோம். யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் தெருவில் நூல்கூடக் கடன் கிடைக்காது.

புதன்கிழமை காலை கடையைத் திறக்கப் போனேன். ஷட்டருக்கு இடப்பக்கம் ஆணியில் குடை தொங்கியது. சிவப்பு நூல் சுற்றிய குடை.

எதிர்க்கடைக்காரர் என்னைப் பார்த்துவிட்டு அவசரமாகக் கல்லாவுக்குள் எதையோ தேடினார். துணி மொத்த வியாபாரி மத்தியானமே ஆள் அனுப்பி, "இனிமே ரொக்கம்" என்று சொல்லிவிட்டார். வேலைக்கு வந்த பெண்கள் இருவரும் குசுகுசுவென்று பேசிக்கொண்டார்கள். எனக்கு வெட்கம் ஒரு பக்கம், கோபம் ஒரு பக்கம். தவணையெல்லாம் ஒழுங்காகக் கட்டியவனுக்கு இது என்ன நியாயம்? பயத்தைப் பல்லில் கடித்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்கு ஓடினேன்.

"அண்ணாச்சி, இந்த மாசத் தவணையக் கட்டிட்டேனே."

"தெரியும்லே."

"பொறவு கொடை எதுக்கு?"

"தொங்கட்டும். நீ தொடாத." பஸ் வந்தது. ஏறிவிட்டார்.

"ஜீப்பு வார சேதி அண்ணாச்சி காதுக்குப் போயிருச்சு. ஜீப்புக்காரனுக்கு முந்தி அவியளே மெஷினத் தூக்கிட்டுப் போகப் போறாவ" என்றாள் செல்வி. எனக்கும் அப்படித்தான் பட்டது. இரண்டு நாளும் இருவரும் தூங்கவில்லை. யார் முதலில் வந்து எடுப்பார்கள் என்பதுதான் வித்தியாசம், நமக்கு மிஞ்சப் போவது ஊசியும் நூலும்தான் என்று செல்வி அழுதாள்.

வெள்ளிக்கிழமை ஜீப் வந்தது. நாலு பேர் இறங்கினார்கள். கழுத்தில் மப்ளர் சுற்றிய ஒருவன் படியில் கால் வைத்தான். நான் மெஷினைப் பிடித்துக்கொண்டு நின்றேன், நிற்க வேறு பிடிமானம் இல்லை. மப்ளர்க்காரன் நிமிர்ந்து குடையைப் பார்த்தான். வைத்த காலை எடுத்தான்.

"இது எப்பம் மாட்டுனது?"

"பு... புதன்கெழம."

நாலு பேரும் ஜீப்புக்குப் பக்கத்தில் போய்ப் பேசினார்கள். மப்ளர்க்காரன் திரும்பி வந்தபோது குரலே மாறியிருந்தது. "அண்ணாச்சி கொடை தொங்குத கடையில மத்தவன் கை வைக்கக் கூடாது. எங்க மொதலாளி மொதமொத சோடாக் கடை போட்டதே அவிய பணத்துலதான். அப்பம் அவரு கடையிலயும் இது தொங்கிருக்கு. இன்னிக்கும் இந்தக் கொடைன்னா அவருக்கு ஆகாது. அண்ணாச்சி எடுக்கட்டும், பொறவு வாரோம்." குடிக்கத் தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு, சொம்பை மரியாதையாக வைத்துவிட்டுப் போனார்கள்.

எனக்கு அப்போதுதான் புரிந்தது. இட்லிக் கடைப் பால்காரர் சைக்கிளைத் திருப்பியதும் ஞாபகம் வந்தது. நான் பெஞ்சில் உட்கார்ந்து அழுதேன். வேலைக்கு வந்த பெண்கள் பார்க்கிறார்களே என்றுகூடத் தோன்றவில்லை.

குடை அந்த ஐப்பசி முழுக்க என் கடையில் தொங்கியது. கார்த்திகையும் தொங்கியது. துணி வியாபாரி ரொக்கம் கேட்டார், கொடுத்துச் சமாளித்தோம். அந்த வருஷம் மழை என்றால் மழை, பஞ்சு மார்க்கெட் பக்கமெல்லாம் முழங்கால் தண்ணீர். ஒருநாள் கடைக்குள்ளிருந்து பார்க்கிறேன், அண்ணாச்சி தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு, வேட்டி காலோடு ஒட்ட, சொட்டச் சொட்ட நனைந்தபடி பஸ்ஸுக்கு நடந்து போகிறார். கடன் கொடுத்து ஊரையே நடுங்க வைத்த மனுஷர் குளிரில் நடுங்கிக்கொண்டு போனார். எனக்கு மனசு கேட்கவில்லை. குடையை ஆணியிலிருந்து எடுத்துக்கொண்டு ஓடினேன்.

அவர் முகம் மாறியதை நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை. பயந்துபோய்த் தெருவின் இரண்டு பக்கமும் பார்த்தார்.

"ஏலே கூறுகெட்டவனே, அத ஏம்லே எடுத்த? போய் மாட்டு. எவனாவது பாத்துத் தொலைக்கப் போறான்."

"நனையுதீகளே அண்ணாச்சி."

"நான் நனைஞ்சா தொவட்டிக்கிடுவேன். நீ நனைஞ்சா எங்கலே போவ? ஓடு."

ஓடிப்போய் மாட்டினேன்.

தை பிறந்த பிறகு முருகேசன் திருப்பூரிலிருந்து பனியன் கம்பெனிச் சம்பளத்தோடு திரும்பி வந்தான். அண்ணாச்சியே அவனை ஜீப் முதலாளியிடம் கூட்டிப்போய், வட்டியைக் குறைக்க வைத்து, தவணை பேசி முடித்தார். மறுநாள் காலையில் நான் வருவதற்கு முன்பே ஆணி காலியாக இருந்தது. நன்றி சொல்லப் போனேன். "தவண இருவதாந்தேதி" என்றார். அவ்வளவுதான் பேச்சு.

தொண்ணூறுகளின் கடைசியில் அவர் போய்ச் சேர்ந்தார். துட்டி விசாரிக்கத் தெருவே கடையடைத்துக்கொண்டு பஸ் ஏறியது. மாடசாமி அண்ணனின் மருமகனும் வந்திருந்தார், இந்த முறை காரணம் தெரிந்து. நான் இப்போது இருபது மெஷின் வைத்திருக்கிறேன். வங்கிக்காரர்கள் வீடு தேடி வந்து, சார் சார் என்று கடன் தருகிறார்கள். அவர்களிடம் எனக்கு ஒரு பயமும் கிடையாது.

ஆனாலும் காலையில் கடை திறக்கும்போது ஷட்டரின் இடப்பக்கம் ஒருமுறை பார்த்துக்கொள்வேன். அந்த நாளில், குடை தொங்கிவிடக் கூடாதே என்று பார்ப்பேன். இப்போது தொங்காதா என்று பார்க்கிறேன்.