தண்ணீர் கொடுப்பது யார் என்று கேட்டவன்

வில்லியனூர்,
6-3-1977

அன்பும் மரியாதையும் நிறைந்த செலின் மேரி அக்காவுக்குத் தம்பி இக்னேஷியஸ் எழுதிக்கொண்டது. மாதா கிருபையால் இங்கு எல்லாரும் சுகம், என் மானம் ஒன்றைத் தவிர.

டாக்டர் பட்டத்துக்கு நான் செய்யும் ஆராய்ச்சி உனக்குத் தெரியும்: கிராமத்தில் நோயாளியைக் கவனிப்பது யார் என்பது. அதற்காகப் போன வாரம் கல்லூரி வேனில் மாணவர்களோடு ஏம்பலம் போனேன். முதல் வீடு தனக்கொடி என்ற அம்மாளுடையது. உள்ளே அவள் புருஷன் ஆதிமூலம் காய்ச்சலில் அனத்திக்கொண்டிருந்தார். உயிருள்ள உதாரணமே கிடைத்தது என்று மகிழ்ந்தேன் அக்கா, எழுதவே கை கூசுகிறது. "நோயாளிக்குத் தண்ணீர் கொடுப்பவர் யார்?" என்று நான் கேட்க, உள்ளேயிருந்து "தண்ணி, தண்ணி" என்று குரல் வர, அவள் எழுந்திருக்க, "பதிலைச் சொல்லிட்டுப் போங்கம்மா" என்று நான் அதட்ட, "நான்தான் குடுக்கணும், நீ எங்க வுடற?" என்றாள். அதற்குள் என் மாணவி பரிதா சொம்போடு உள்ளே போய்விட்டாள். "ஆராய்ச்சியில் குறுக்கிடக் கூடாது, முடிவு கெட்டுடும்!" என்று கத்தினேன். "ஆளே கெட்டுடுவாரு போலக்குது சார், வேன்ல ஆஸ்பத்திரிக்கு இட்டுகினு போவலாம்" என்றாள். வேன் கல்லூரிச் சொத்து என்று நான் சட்டம் பேசி முடிப்பதற்குள் பிள்ளைகள் அவரைக் கிடத்தி, தனக்கொடியையும் ஏற்றிக்கொண்டு போயே போய்விட்டார்கள். எனக்கு இடமில்லை. பஸ்ஸைத் தேடி நடந்தவன் கரும்புத் தோட்டத்து வாய்க்காலில் வழுக்கி இடுப்புவரை சேறானேன். அந்தக் கோலத்தில் கண்டக்டர்கூட என்னை ஏற்றவில்லை.

நிமோனியாவாம். தாமதித்திருந்தால் ஆள் பிழைத்திருக்க மாட்டார் என்றாராம் டாக்டர். வகுப்பில் எல்லார் முன்னாலும் பரிதாவிடம் மன்னிப்புக் கேட்டேன். "எங்கிட்ட இன்னாத்துக்கு சார்? அந்தம்மாகிட்ட கேளுங்க" என்றாள். ஆஸ்பத்திரிக்குப் போனேன். தனக்கொடி என்னைப் பார்த்ததும், "சாப்டியா சார்? இந்தா, பன்னு துன்னு. மீதி கேள்விய இப்பக் கேளு, சொல்றேன்" என்றாள். மன்னிப்புக் கேட்கப் போன வாய் பன்னைத்தான் தின்றது. கண்ணீர் தானாக வந்தது. இனி என் மாணவர்களுக்கு முதல் பாடம், எதிரே இருக்கும் மனுஷனைப் பார்ப்பதுதான்.

மாமாவுக்கு என் ஸ்தோத்திரம். பிள்ளைகளுக்கு முத்தம். மாதா உங்கள் வீட்டைக் காக்கட்டும்.

இப்படிக்கு, தலைகுனிந்த தம்பி,
இக்னேஷியஸ்

பி.கு.: ஒட்டுமுன் உன் தம்பி பெண்டாட்டி மதலேனாளிடம் படித்துக் காட்டினேன். "செலின் அண்ணிக்குக் கண் ஆபரேஷன் ஆயி கட்டுகூட அவுக்கல. எப்பிடி இருக்காங்கன்னு ஒரு வார்த்த எழுதல. இவ்ளோ நீட்டு லெட்டர அவங்க எந்தக் கண்ணால படிப்பாங்க?" என்று கேட்டுவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள். அக்கா, இதைப் படிக்காதே. நானே வருகிறேன்.