சலவைக்குப் போன விண்ணப்பங்கள்

கோட்டு மிகச் சுத்தமாக வந்திருந்தது. அதுதான் வினையாகப் போயிற்று.

கப்பலின் சலவைப் பெண் அதற்கு உறை போட்டு, கொக்கியில் மாட்டி, அறை வாசலில் கொடுத்துவிட்டுப் போனாள். தபால்காரர் உள்பையில் கையை விட்டார். அங்கே இருக்க வேண்டியவை நாற்பத்தொரு சீட்டுகள். கையோடு வந்தது ஆரஞ்சுப் பழ அளவில் ஓர் உருண்டை. காய்ந்து கெட்டியாகி, லேசாகப் பூ வாசனை வேறு அடித்தது.

"என்னண்ணே அது?" என்றாள் தங்கை. கட்டிலில் உட்கார்ந்து, செருப்புக் கடித்த காலுக்கு மருந்து தடவிக்கொண்டிருந்தாள்.

"சீட்டு."

"எந்தச் சீட்டு?"

"எல்லாச் சீட்டும்."

தங்கை மருந்துக் குப்பியை மூட மறந்தாள். முந்தின நாள் அந்தக் கோட்டின் மேல் சூப்பைக் கொட்டியவள் அவள். பையைப் பார்க்காமல் சலவைக்குப் போட்டவளும் அவளே.

பங்குக் கோயிலிலிருந்து முப்பத்திரண்டு பேர், மஞ்சள் தொப்பியும் ஒரு சாமியாருமாகக் கப்பலேறியிருந்தார்கள். மத்தியதரைக் கடல் முழுவதையும் ஒன்பது நாளில் ஜெபித்தும் சுற்றிப் பார்த்தும் முடித்துவிடுவது என்று திட்டம். முற்பகலில் ஒரு புனிதரின் கல்லறை, பிற்பகலில் ஓர் இடிந்த அரண்மனை, நடுவில் வரிசையில் நின்று சாப்பாடு. வர முடியாதவர்கள் தங்கள் வேண்டுதலைச் சீட்டில் எழுதி மடித்து, போகிறவர்களிடம் கொடுத்தனுப்புவது அந்தக் கோயிலில் வழக்கம். கடைசித் திருத்தலத்தில் மாதாவின் காலடியில் ஒரு மரப்பெட்டி உண்டு. அதில் போட வேண்டும்.

இந்த முறை நாற்பத்தொரு பேரும் தபால்காரரிடமே கொடுத்தார்கள். மற்ற யாருக்கும் ஒரு சீட்டுகூட இல்லை. முப்பத்தாறு வருடத்தில் ஒரு தபாலையும் தொலைக்காதவர் என்பதால் இருக்கும் என்று அவர் நினைத்துக்கொண்டார். வேலை பார்த்த வழக்கப்படி சின்ன நோட்டில் ஒவ்வொருவர் பெயரும் எழுதி, எதிரே கையெழுத்தும் வாங்கிக்கொண்டார். பிரித்துப் படிக்கவில்லை. மடித்த காகிதம் அவருக்கு ஒட்டிய உறை மாதிரி. அதைப் பிரித்துப் பார்க்க அவருடைய விரல்களுக்கே தெரியாது.

"கவலைப்படாதீங்க. ஊற வச்சுப் பிரிச்சுடலாம்," என்றாள் தங்கை.

கைகழுவும் தொட்டியில் ஊற வைத்தார்கள். உருண்டை கூழாயிற்று. கூழைத் துண்டில் பரப்பி, முடி உலர்த்தும் கருவியைத் தங்கை முடுக்கினாள். குறைவாக வைக்கச் சொல்லித்தான் அவர் கையைக் காட்டினார். அவள் அதைக் கூட்டி வைக்கச் சொல்வதாக எடுத்துக்கொண்டாள். நாற்பத்தொரு பேரின் வேண்டுதல்கள் கண்ணாடியிலும் திரைச்சீலையிலும் தபால்காரரின் புருவத்திலும் போய் ஒட்டின. எல்லாவற்றையும் சுரண்டி எடுத்துப் பார்த்ததில், படிக்கும்படியாக மிஞ்சியது ஒரே ஒரு 'ம்'.

சாமியார் மேல்தளத்தில் நாற்காலியில் சாய்ந்து ஐஸ்கிரீம் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அவர் பங்குக்குப் புதிதாக வந்தவர். விஷயத்தைக் கேட்டுவிட்டு, அப்படியே பெட்டியில் போட்டுவிடலாம், ஆண்டவருக்குப் படிக்கத் தெரியும் என்றார்.

"அது சரியில்ல சாமி," என்றார் தபால்காரர். "ஓரம் கிழிஞ்ச தபாலுக்கே வருத்தம் தெரிவிச்சு ஒரு தாள் வச்சுத்தான் குடுப்போம். இது கூழு. கூழைப் பட்டுவாடா பண்ண எனக்கு மனசு வராது."

சாமியார் ஐஸ்கிரீமை மறந்து அவரைப் பார்த்தார். பங்குக்கு வந்து ஒரு வருடமாகியும் இந்த மனிதரிடமிருந்து அவர் கேட்டிருந்ததெல்லாம் 'சரிங்க சாமி' மட்டும்தான். அதுவும் மனைவியின் வருட நினைவுப் பூசைக்கு நேரம் குறித்த அன்று.

"அப்ப எழுதினவங்களையே கேட்டுடுங்க," என்றார். "இன்னும் நாலு நாள் இருக்கே."

தபால்காரர் நோட்டில் இருந்த பெயர்களைப் பார்த்தார். இந்தப் பயணத்தை ஆசைப்பட்டுப் பதிவு செய்தவளே மனைவிதான். அவள் போனபின் அவர் யாருக்கும் போன் செய்ததில்லை. தெருவில் யாராவது எதிரே வந்தால், செருப்பு வாரைச் சரிசெய்கிற மாதிரி குனிந்துகொள்வார். அவர் போடுவது வாரில்லாத செருப்பு. இப்போது நாற்பத்தொரு பேரோடு பேசியாக வேண்டும்.

முதல் போனை மறுநாள் ஒரு பழைய அரங்கத்தின் படிக்கட்டில் உட்கார்ந்து போட்டார். மற்றவர்கள் கீழே மஞ்சள் தொப்பிகளாக நின்று வழிகாட்டி சொல்வதைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

"நான்தான்."

மறுமுனையில் தையல் மெஷின் சத்தம் நின்றது. "யாரு? தபாலா? நீயாடா போன் பண்ற?"

"ம். சீட்டுல என்ன எழுதுன?"

"சீட்டுலயா?" தையல்காரர் இழுத்தார். "அது வந்து... முழங்கால். முழங்கால் வலி."

"எந்தக் கால்?"

"ரெண்டும்... இல்ல, ஒண்ணுதான். இடது."

'முழங்கால், இடது' என்று தபால்காரர் குறித்துக்கொண்டார். போனை வைத்தபிறகுதான் உறுத்தியது. போன மாதம் பங்கு விளையாட்டு விழாவில் பெரியவர்கள் ஓட்டத்தில் முதலாவதாக வந்தது இதே முழங்கால்தான்.

ரொட்டிக்கடை அம்மாள், மகளுக்குக் கல்யாணமாக வேண்டும் என்று எழுதியதாகச் சொன்னாள். அந்தக் கல்யாணப் பத்திரிகையைத் தெரு முழுக்கக் கொண்டுபோய்க் கொடுத்தவரே தபால்காரர்தான், நாலு வருடத்துக்கு முன்னால். அதை நினைவூட்டியதும், "ஆமாண்ணா, நல்லபடியா ஆச்சுல்ல, அதுக்கு நன்றி சொல்லித்தான் எழுதினேன்," என்றாள். ஓய்வுபெற்ற தலைமையாசிரியை மழை கேட்டு எழுதியதாகச் சொன்னார். அவர் குரலுக்குப் பின்னால் மழை கொட்டுகிற சத்தம் கேட்டது. "போதும்னு எழுதினேன் தம்பி," என்று உடனே திருத்திக்கொண்டார்.

கறிக்கடைக்காரர் மனைவி கொஞ்சம் யோசித்து, கணவர் சிகரெட்டை விட வேண்டும் என்று எழுதியதாகச் சொன்னாள். நோட்டில் அடுத்த பெயர் கறிக்கடைக்காரருடையது. தபால்காரர் தனக்குத் தெரியும் என்று காட்டிக்கொள்ளாமல், நட்பாக ஒரு வார்த்தை சொல்லி வைத்தார்.

"அந்தச் சனியனை விட்டுடேன். வயசாகுதில்ல."

"எந்தச் சனியன்?"

"சிகரெட்டுதான்."

பிறந்ததிலிருந்து சிகரெட்டைத் தொடாத மனிதர் கறிக்கடைக்காரர். யார் சொன்னது என்று கேட்டார். தபால்காரருக்குப் பொய் வராது. அவர் அவசரமாக வேறு பேச்சுக்குத் தாவிய விதத்திலேயே, சொன்னது மனைவிதான் என்று கறிக்கடைக்காரருக்குப் புரிந்துவிட்டது. அன்று மாலை அந்த வீட்டில் தட்டு பறந்ததாகச் செய்தி வந்தது.

அதைச் சரிசெய்ய மறுநாள் துறைமுகக் கோட்டையைப் பார்ப்பதைக் கைவிட வேண்டியதாயிற்று. கப்பல் தளத்தில் நின்று நாற்பது நிமிடம் கணவனிடமும் மனைவியிடமும் மாறி மாறிப் பேசினார். கறிக்கடைக்காரர் சமாதானமாகவில்லை.

"பிடிக்காத சிகரெட்டை நான் எப்படிய்யா விடறது?"

"அதுல உனக்கு என்ன கஷ்டம்?" என்றார் தபால்காரர். "மத்தவங்களுக்குத்தான் கஷ்டம். நீ இன்னைக்கே விட்டுடலாம்."

மறுமுனையில் முதலில் மனைவி சிரித்தாள். பிறகு கறிக்கடைக்காரர். பிறகு தபால்காரர் தொண்டையிலிருந்து என்னவோ ஒரு சத்தம் வந்தது. பக்கத்து நாற்காலியில் ஜெபமாலை சொல்லிக்கொண்டிருந்த தங்கை, கைப்பையைத் திறந்து ஒரு இருமல் மாத்திரையை நீட்டினாள்.

அதற்குள் சீட்டுகள் சலவைக்குப் போன கதை தெரு முழுக்கப் பரவிவிட்டது. இவர் கூப்பிட்டது போக, அவர்கள் கூப்பிட ஆரம்பித்தார்கள். ஒரு புனிதரின் நிலவறைக் கல்லறையில் எல்லாரும் முழந்தாளிட்டிருந்தபோது தபால்காரரின் பை பாடியது. தையல்காரர். முழங்கால் இடது இல்லையாம், வலது. ரொட்டிக்கடை அம்மாள் நன்றியை மாற்றி, அடுப்பு சரியாக எரியாததைப் போடச் சொன்னாள். புதிதாகக் கூப்பிட்டவர்களில் எட்டுப் பேர் முழங்கால் வலி என்றார்கள். தபால்காரர் நோட்டைப் பார்த்தார். ஒரே தெருவில் ஒன்பது முழங்கால்கள். அந்தத் தெருவில் மேடுகூடக் கிடையாது.

கூப்பிட்டவர்கள் சட்டென்று வைக்கவும் இல்லை. கடல் என்ன நிறம் என்றார்கள். கப்பலில் காபி எப்படி என்றார்கள். தலைமையாசிரியைக்கு அரண்மனைத் தரையில் பதித்திருந்த கல் ஓவியத்தை ஒரு மூலையிலிருந்து மறுமூலை வரை விவரிக்க வேண்டியிருந்தது. ரொட்டிக்கடை அம்மாளுக்கு ரொட்டியின் வடிவத்தைச் சொல்ல, இரண்டு கடை ஏறி இறங்கினார். தையல்காரர், அங்கே காவலர்கள் போடும் கோடுபோட்ட சட்டையில் தையல் உள்பக்கமா வெளிப்பக்கமா என்று கேட்டார். தபால்காரர் கிட்டே போய் ஒரு காவலரின் கைமடிப்பைப் புரட்டிப் பார்த்தார். சாமியார் வந்து மூன்று மொழியில் மன்னிப்புக் கேட்டு அவரை மீட்டுக்கொண்டு போனார்.

"உள்பக்கம்தான்," என்று நடந்தபடியே போனில் சொன்னார் தபால்காரர்.

எட்டாம் நாள் பிற்பகல், தளத்து மேசையில் உட்கார்ந்து புதிய சீட்டுகளை எழுதினார். தையல்காரருக்கு எழுத்தைச் சாய்த்து, தலைமையாசிரியைக்கு மணிமணியாக, கறிக்கடைக்காரருக்கு அழுத்தி. முப்பத்தாறு வருடம் பார்த்த கையெழுத்துகள்.

"மாதா கையெழுத்தா சரிபார்க்கப் போறாங்க?" என்றாள் தங்கை.

அவர் பேனாவை வைத்துவிட்டார்.

"எல்லாரும் பொய் சொல்றாங்கம்மா."

"யாரு?"

"நாற்பது பேரும். வாய் கூசாம. அவங்க வீட்டுக்கு வந்த நல்ல சேதி, கெட்ட சேதி எல்லாம் என் கையாலதான் போச்சு. ஒருநாளும் என்கிட்ட எதையும் மறைச்சதில்ல. இப்ப மட்டும் என்ன மறைக்கிறாங்க? தொலைச்சுட்டேன்னு நம்பிக்கை போயிடுச்சு போல."

தங்கை சூப்பை நினைத்துக்கொண்டு, அடுத்த காகிதத்தை அவர் பக்கம் தள்ளினாள்.

நாற்பது சீட்டு ஆயிற்று. ஒன்று பாக்கி. அது கோயில்பிள்ளையுடையது. பூசைக்கு மணி அடித்து, மெழுகுவத்தி ஏற்றி வைக்கிறவர். பூசை நேரத்தில் போனை அணைப்பார், பிறகு போடுவதற்கு மறந்துவிடுவார். மூன்று நாளாக அவர் கிடைக்கவில்லை.

ஒன்பதாம் நாள் கடைசித் திருத்தலத்தில் வரிசை நீளமாக இருந்தது. நாலரைக்குக் கப்பல் கிளம்பிவிடும் என்று வழிகாட்டி மஞ்சள் கொடியை ஆட்டி ஆட்டிச் சொல்லிக்கொண்டிருந்தாள். தபால்காரர் சட்டைப்பையில் நாற்பது பொய்களை வைத்துக்கொண்டு ஒவ்வொரு அடியாக நகர்ந்தார். மாதாவின் காலடியில் மரப்பெட்டி தெரிந்தது. வாய், தபால்பெட்டியின் வாயைப் போலவே இருந்தது. அதைப் பார்த்ததும் அவர் பையிலிருந்து கையை எடுத்துவிட்டார். இதுவரை அந்த மாதிரி வாய்க்குள் தெரிந்தே எதையும் தப்பாகப் போட்டதில்லை.

கடைசியாக ஒருமுறை போன் போட்டுப் பார்த்தார். மணி அடித்தது.

"அண்ணே," என்றார் கோயில்பிள்ளை. "இப்பதான் போனைப் போட்டேன். எல்லாரும் சொன்னாங்க, நீங்க கூப்பிடுவீங்கன்னு. நான் முழங்கால்னு சொல்லணுமாம்."

"யாரு சொல்லச் சொன்னாங்க?"

கோயில்பிள்ளை பேச்சை மாற்றி, அங்கே கூட்டமா என்று கேட்டார்.

"தம்பி, நான் பெட்டி முன்னாடி நிக்கிறேன். எனக்கு முன்னாடி இன்னும் ரெண்டு பேருதான். பின்னாடி ஒரு பஸ் நிறைய ஆளு. என் பையில இருக்கிறது ஒண்ணும் உண்மையில்ல. இதைப் போட்டா இத்தனை வருசம் பார்த்த வேலைக்கு அர்த்தமில்ல. நீங்க எல்லாம் என்னதான் எழுதுனீங்க?"

"சொல்ல மாட்டேன்னு சத்தியம் பண்ணியிருக்கோம்ணே."

"என்கிட்டயா?"

"உங்ககிட்டதான். நீங்க பிரிச்சுப் பார்க்க மாட்டீங்கன்னு தெரிஞ்சுதான் எல்லாத்தையும் உங்ககிட்டயே குடுத்தோம்."

முன்னால் நின்ற பெண் சீட்டைப் போட்டுவிட்டு, நெற்றியில் சிலுவை வரைந்துகொண்டு நகர்ந்தாள். இன்னும் ஒருவர்தான்.

"என்மேல ஏதாவது குறை எழுதுனீங்களா?" என்றார் தபால்காரர். அவர் குரல் அவருக்கே கேட்கவில்லை. "இருந்தா சொல்லிடு. அதையே எழுதிப் போட்டுடறேன்."

"ஐயோ, அதெல்லாம் இல்லண்ணே." கோயில்பிள்ளைக்கு அழுகை வந்துவிட்டது போலிருந்தது, அல்லது சிரிப்பு. "நாற்பத்தொரு சீட்டுலயும் ஒரே வரிதான் எழுதினோம், 'எங்க தபால்காரர் பழையபடி எங்ககூடப் பேசணும்'னு."