மூன்றாம் பக்கத்திலேயே திருடனைப் பிடிப்பவர்

துப்பறியும் கதைகளில் திருடர்கள் உண்டு, துப்பறிபவர்கள் உண்டு. இவ்விருவரையும்விட ஆபத்தான இன்னோர் இனமும் உண்டு. கதை பாதியில் நிற்கும்போதே, யாரும் கேட்காமலேயே, திருடனின் பெயரை உரக்கச் சொல்லிவிடும் முந்திரிக்கொட்டை இனம் அது. அதிலும் சிறுவர் கதை என்றால், முயல் போலீஸ் தொப்பியை எடுத்து மாட்டுவதற்குள் நரியைக் கைகாட்டிவிடும். உங்கள் வீட்டிலும் ஒருவர் இருப்பார். கோபிசெட்டிபாளையத்தில் இருப்பவரின் பெயர் தம்பிதுரை.

தம்பிதுரை மோட்டார் ரிப்பேர் கடை வைத்திருக்கிறார். போர்வெல் மோட்டாரை வண்டியிலிருந்து இறக்குவதற்கு முன்பே, "பேரிங் போச்சுங்க" என்பார். போயிருக்கும். சத்தியமங்கலம் வரை அவருக்குப் பேர் கிடைத்தது இதனால்தான். கடையில் பேர் வாங்கித் தரும் குணத்தை வீட்டு வாசலில் செருப்போடு கழற்றிவிட்டு வர எத்தனை பேரால் முடியும்?

மகள் கனிஷ்காவுக்குப் பத்து வயது. மிருகங்கள் துப்பறியும் கதை என்றால் அவளுக்குச் சோறு வேண்டாம். அவள் சோபாவில் குப்புறப் படுத்துப் படித்துக்கொண்டிருக்க, டீ டம்ளரோடு பின்னால் வந்து நின்று, இரண்டு வரி படித்து, அட்டைப் படத்தையும் ஒரு பார்வை பார்த்து, "இந்தக் கொக்குதான் கண்ணு எடுத்திருக்கும், மூஞ்சியப் பாரு" என்று சொல்லிவிட்டு டிவி பக்கம் போய்விடுவார் தம்பிதுரை. கொக்குதான் எடுத்திருக்கும். மீதி நாற்பது பக்கங்களை வைத்துக்கொண்டு அவள் என்ன செய்வாள்?

பதினேழு புத்தகங்களை இப்படிப் பாதியில் மூடிய பிறகு, கனிஷ்கா தானே ஒரு கதை எழுதினாள். துப்பறிபவர் ஓர் எருமை. அவசரமே படாது. துப்புக் கிடைத்தால் படுத்து அசைபோடும். ஊர் நூலகத்தில் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகள் தாங்கள் எழுதியதை வாசிப்பார்கள். மூன்று வாரம் அடித்து அடித்து எழுதியதை அங்கே வாசித்தாள். ஆட்டுக்குட்டியின் கழுத்து மணியைக் காணோம். எருமை அசைபோடத் தொடங்கியது. முப்பது பிள்ளைகள் மூச்சுவிடாமல் காத்திருக்க, முன்வரிசையிலிருந்து ஒரு குரல் வந்தது.

"காக்காதானுங்க. மின்னறதையெல்லாம் அதுதான் தூக்கும்."

"ஓ, காக்காவா" என்று பிள்ளைகள் ஜன்னல் பக்கம் திரும்பிவிட்டார்கள். கனிஷ்கா தாளை மடித்துக்கொண்டு வந்து உட்கார்ந்தாள். அதில் இன்னும் நான்கு பக்கம் இருந்தது.

திரும்பும்போது தம்பிதுரை பைக்கை மெதுவாக்கிப் பின்சீட்டுப் பக்கம் தலையைத் திருப்பினார்.

"தப்பாச் சொல்லிப்போட்டனா கண்ணு?"

"சரியாத்தான் சொன்னீங்க. அதானுங்கப்பா பிரச்சினை."

அந்தப் பதில் அவரைக் குத்தியது. மகள் அழுதிருந்தால்கூடச் சமாதானம் சொல்லத் தெரிந்திருக்கும். அடுத்த முறை வாயே திறப்பதில்லை என்று மனைவி கிருபாவிடம் சத்தியம் செய்தார். அந்தச் சத்தியத்தின் ஆயுளை அறிந்த கிருபா, மறு மாதம் நூலகத்துக்குக் கிளம்பும்போது, "இதை வாயில அடக்கிக்குங்க" என்று ஓர் இஞ்சி மொரப்பாவைக் கையில் கொடுத்தாள்.

அதே எருமை, புது வழக்கு. சொசைட்டிக்குப் போகவேண்டிய பால் கேனைக் காணோம். வாசலில் வெள்ளை முடி. தரையில் சின்னச் சின்னப் பாதத் தடம். சுவரில் மீசை உரசிய கோடு. தம்பிதுரை நாற்காலியின் கைகளைப் பிடித்துக்கொண்டார். காலை ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டார், எடுத்தார். மொரப்பா கரைந்துகொண்டே வந்தது. எருமை படுத்தது. மொரப்பா தீர்ந்தது.

"பூனைங்க," என்றார் தம்பிதுரை.

கனிஷ்கா தலை நிமிரவில்லை. அதே குரலில் அடுத்த வரியை வாசித்தாள்: "அப்போது முன்வரிசையில் உட்கார்ந்திருந்த கழுதை, 'பூனைங்க' என்றது. எருமை அதைத் திரும்பிப் பார்த்து, 'ஊரே அப்படித்தாங்க நெனச்சுது' என்று சொல்லிவிட்டு, மறுபடியும் அசைபோட்டது."

பிள்ளைகள் சிரித்த சிரிப்பில் இரண்டு நாற்காலி சாய்ந்தது. நூலகர் கீதா பதிவேட்டால் முகத்தை மறைத்துக்கொண்டார். தம்பிதுரைக்குக் காது இரண்டும் சுட்டன. எழுந்து வெளியே போய்விடலாமா என்று பாதி எழுந்தவர் அப்படியே நின்றார். பூனை இல்லை. அப்படியானால் யார்? அவருக்குத் தெரியவில்லை. தெரியாமல் இருப்பது இப்படி அரிக்கும் என்பதும், அந்த அரிப்பு இவ்வளவு சுகமாக இருக்கும் என்பதும் அவருக்குப் புதிது.

"அப்ப யாரு கண்ணு எடுத்தது?"

"உக்காருங்கப்பா. இன்னும் ஆறு பக்கம் இருக்குது."

உட்கார்ந்தார். பிள்ளைகளைப் போலவே நாற்காலி நுனிக்கு நகர்ந்தார். கடைசிப் பக்கத்தில் திருடன் பிடிபட்டபோது முதலில் கைதட்டியவர் அவர்தான்.

திருடன் யார் என்று இங்கே சொல்லப்போவதில்லை. உங்களுக்கு எப்போதோ தோன்றியிருக்கும். பக்கத்தில் இருப்பவரிடம் சொல்ல வாயும் திறந்திருக்கும். மெல்ல மூடிக்கொள்ளுங்கள். கனிஷ்காவின் கதையில் இன்னொரு கழுதைக்கு இடம் இருக்கிறதாம்.